பூச்சு வேலைக்கு முன்னாடி ஒரு குழாய்

தோட்டத்து லயத்துல பொறந்த நம்மாளுங்க இப்போ ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் சொந்த வீடு கட்டுறாங்க. முருகன் அருள். கிரகப்பிரவேச வேலைக்குப் போற நாங்க பல வீட்டுல பார்க்கிற குறை, இண்டர்நெட் ஒயருக்கு வழியே விடலை.

லயத்துல பலகைச் சுவர். இப்போ செங்கல்லும் கான்கிரீட்டும். ஹால்ல வச்ச வைஃபை பின்னறைக்குப் போறதுக்குள்ள இளைச்சுப் போயிடுது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, கோயிலும் பள்ளியும் மூடிக் கிடந்தப்போ, நம்ம பிள்ளைங்க லைன் தேடி வாசப்படியில உட்கார்ந்து படிச்சாங்களே, மறந்துடுச்சா?

சுவர் பூசுறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க. ரோட்டுலேருந்து ஃபைபர் உள்ளே வர ஒரு பிவிசி குழாய். அங்கேருந்து பிள்ளைங்க படிக்கிற அறைக்கும் மாடிக்கும் தனித்தனி குழாய், உள்ளே இழுகயிறோட. கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகும், நம்ம வீட்டுக்குத் தாராளம். கரண்ட் ஒயரோட ஒரே குழாயில விடாதீங்க. ஃபேக்டரியில நாங்க தனியாத்தான் போடுவோம். "அப்புறம் வெளியில ஆணி அடிச்சுக்கலாம்"னு சொல்வாங்க. கேட்காதீங்க.

பாட்டி உட்கார்ற இடத்துக்கும் ஒரு பாயிண்ட். கல்லுமலை வரைக்கும் நடக்க முடியாதவங்க நேரலையில பூஜை பார்க்கட்டும்.

வீட்டு பிளான் இருந்தா ஞாயிறு பூஜை முடிஞ்சதும் கொண்டாங்க. சேர்ந்து உட்கார்ந்து கோடு போட்டுத் தர்றோம்.