தூக்குவாளியில் மீந்த தண்ணீர்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் விடியுமுன்பே அடுப்பு எரியும். தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்தால்தான் உண்டு. அம்மா ஒரு தூக்குவாளியில் நீச்சத்தண்ணியும் சோறும், இன்னொன்றில் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்வாள். அளத்தில் ஊறுவதெல்லாம் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை அவரவர்தான் சுமந்து போக வேண்டும்.

முழுப்பரீட்சை லீவில் நானும் கூடப் போவேன். ஆண்கள் பாத்தியில் உப்பு வாரிக் கரையேற்ற, பெண்கள் பனையோலைப் பெட்டியில் தலைச்சுமையாக, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அம்மாவின் கழுத்திலும் முதுகிலும் வடிந்த நீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதில் பாதி பெட்டியிலிருந்து ஒழுகியது, பாதி அவள் உடம்பிலிருந்து வந்தது. அந்த வியர்வை ஆவியானால்தான் உடம்புச் சூடு இறங்கும். வெயிலில் பாரம் சுமப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட அப்படிப் போய்விடலாம். 50 கிலோ எடையுள்ளவருக்கு அதுவே உடல் எடையில் 2 சதவீதம். களைப்பும் தலைவலியும் வர அவ்வளவு போதும்.

வேலை ஓயும் நேரத்தில் ஆண்கள் செம்பை அண்ணாந்து கடகடவென்று குடிப்பார்கள். பெண்கள் வாயை நனைத்துக் கொப்பளித்து ரெண்டு மடக்கு விழுங்குவார்கள், அதோடு சரி. வீடு திரும்பும்போது அம்மாவின் தூக்குவாளியில் முக்கால்வாசி அப்படியே இருக்கும்.

"ஒனக்குத் தாகமே எடுக்காதாம்மா?"

"ஏட்டி, குடிச்சா எங்கன போயி உக்கார?"

சுற்றிலும் பார்த்தேன். தட்டையாகக் கிடந்த வெள்ளை நிலம். ஒதுங்க ஒரு உடைமரம் வேண்டுமென்றால் ரோட்டோரம் வரை நடக்க வேண்டும். போய் வருவதற்குள் கங்காணி சத்தம் போடுவார்.

இரத்தத்தில் நீர் குறைந்து உப்பு கொஞ்சம் கூடினாலே மூளையின் அடியிலிருக்கும் ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுகொண்டு தாகத்தை எழுப்பும்; இருக்கிற நீரை விட்டுவிடாதே என்று வாசோபிரசின் ஹார்மோன் வழியாகச் சிறுநீரகத்துக்கும் சொல்லியனுப்பும். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றரை லிட்டர் போலக் கழிவோடு வெளியே விட்டு, மீதியை இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் அரை லிட்டராவது வெளியேறியாக வேண்டும், இல்லாவிட்டால் கழிவு உள்ளேயே தங்கிவிடும். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தாகத்தை அடக்கப் பழகியிருந்தாள்.

ராத்திரியில் நீர்க்கடுப்பு அவளைப் படுக்க விடாது. அடிக்கடி சிறுநீர் போனால் கிருமிகளும் அதோடு அடித்துக்கொண்டு போகும். குடிக்காமல், போகாமல் அடக்கினால் அவை உள்ளேயே பெருகும். கொல்லையிலிருந்து முனகல் கேட்கும். ஆச்சி எழுந்து வெந்தயம் ஊறிய தண்ணீரைக் கொடுப்பாள், வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிவாள். பனங்காட்டிலிருந்து பயினி (பதநீர்) வந்தால் முதல் செம்பு அம்மாவுக்குத்தான். காலையில் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அளத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, விலாவுக்குக் கீழே குத்து தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சிறுநீரகத்தில் கல். நீர் போதாதபோது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகச் சேர்ந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"பாத்தியில வெளையுற மாதிரி எனக்குள்ளயும் வெளைஞ்சிருக்கு" என்றாள்.

அதைவிடத் தெளிவாக இந்த நோயை இன்றுவரை எனக்கு யாரும் விளக்கியதில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சீட்டில் எழுதித் தந்தார் டாக்டர். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் தெரிந்த பதில்தான்.

கோடை வந்ததும் தண்ணீர் குடியுங்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறது. இன்றும் பல அளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அங்கே அந்த அறிவுரையால் யாருக்கும் பயனில்லை. தட்டுமேட்டருகே கதவு வைத்த ஒரு கழிப்பறை, கை கழுவவும் குடிக்கவும் நல்ல தண்ணீர், கொஞ்சம் நிழல். அள உரிமையாளர்களும் அரசும் அடுத்த உப்புப் பருவம் தொடங்குமுன் இவற்றை அமைத்துக் கொடுக்க வேண்டும்.