லயத்துப் பிள்ளைகளும் முட்டைப் பந்தும்

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு எல்லையை ஒட்டியே போக நினைத்தால் கேரளத்துக்குள் வழி கிடையாது. இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஆனைமலை. கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுச் சமவெளியைச் சுற்றிக்கொண்டு, சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பெயர்ப்பலகைகள்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன. டீக்கடைப் பேச்சு வழிநெடுகத் தமிழ்தான்.

உடன் வந்த நண்பர் சென்னையில் கல்லூரி நாட்களில் ரக்பி ஆடியவர். இப்போது வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருகிறார். மலையோரப் பள்ளிகளில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த ஆட்டம் ஒட்டுமா என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. எனக்கு ஆசை மலைமேல்தான்; அவரோடு தொற்றிக்கொண்டேன். அவர் பையில் காற்றிறக்கி மடித்த நான்காம் நம்பர் பந்து ஒன்றும் ஒரு கைப்பம்பும் இருந்தன. பெரியவர்கள் ஆடுவது ஐந்தாம் நம்பர் பந்து. சின்னக் கைகளுக்கு அது அடங்காது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை மறைவுப் பூமி. கேரளம் என்றதும் மனதில் வரும் பச்சை இங்கே இல்லை. பனையும் காய்ந்த வரப்பும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும்தான். தமிழ்வழிப் பள்ளிகள் உள்ள ஊர்கள். ஒரு பள்ளியின் மைதானத்தில் காலை வைத்ததுமே நண்பர் முகம் சுருங்கியது. மண் கல்லாக இறுகிக் கிடந்தது. ரக்பியில் ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பது முறையான தடுப்பு. இந்தத் தரையில் சாய்த்தால் தோள்பட்டை போய்விடும்.

பந்தைப் பார்த்ததும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர் சொன்ன முதல் விதி அவர்களுக்குப் பிடிக்கவில்லை: கையால் போடும் பந்து முன்னால் போகக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் போக வேண்டும். “பின்னாடி போட்டா எப்படிண்ணா முன்னாடி போறது?” என்று ஒரு பையன் கேட்டான். ரக்பியின் மொத்த சூட்சுமமும் அந்தக் கேள்விதான். பந்தை வைத்திருப்பவன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறான். மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவன் மாட்டிக்கொள்ளும் கணத்தில் பின்னால் ஒருத்தன் கைநீட்டி நிற்காவிட்டால் ஓடி வந்த தூரமெல்லாம் வீண். நண்பர் இதை விளக்கவில்லை. நான்கு பேரை வரிசையாக ஓடவிட்டார். மூன்றாவது முறை அந்தப் பையனே பின்னால் போட்டான்.

அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இங்க ஓட்டம்தான் சார் எல்லாம்.” அது உண்மை. பாலக்காட்டு முண்டூர், பறளிப் பள்ளிகளின் பெயர் கேரளப் பள்ளித் தடகளத்தில் தனி எடையுள்ளது. 2017-இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வென்ற பி.யு.சித்ரா முண்டூர்க்காரர். 2022 காமன்வெல்த் போட்டியில் நீளம் தாண்டலில் வெள்ளி பெற்ற ஸ்ரீசங்கர் பாலக்காட்டுக்காரர். இடுக்கியும் இதற்குச் சளைத்ததல்ல. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன், 2002 பூசானில் 800 மீட்டர் தங்கம் வென்ற பீனாமோள், அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய அவர் தம்பி பினு, எல்லாரும் இடுக்கி மலைக்காரர்கள். ஏற்ற இறக்கத்தில் பள்ளிக்கு நடந்தே நுரையீரல் வளர்ந்த ஊர்கள். ஆனால் தடகளத்தில் இந்த மலை கொடுத்ததெல்லாம் தனி ஆட்கள். திறமை தெரிந்ததும் ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் மிச்சமாகவே இருக்கிறார்கள்.

மறையூரில் வெல்லம் வாங்கியதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. சந்தனக்காட்டைக் கடந்து வண்டி ஏற ஏறக் குளிர் ஏறியது, தேயிலை தொடங்கியது.

மூணாறு வேறு உலகம். 1877-இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் வாங்கிய குத்தகையிலிருந்து தொடங்குகிறது இந்தத் தோட்டங்களின் கதை. பிறகு ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி, பிறகு டாடா, 2005 முதல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ். கம்பெனிகள் மாறினாலும் மலையேற்றிக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் லயங்கள் எனும் அதே வரிசை வீடுகளில்தான். இங்கே கால்பந்துதான் மதம். எஸ்டேட்டுகளுக்கிடையே நடக்கும் ஃபின்லே ஷீல்டு போட்டிக்குப் பழைய மூணாறு மைதானத்தில் கூட்டம் சேர்வதைப் பற்றித் தொழிலாளிகள் பேசும்போது குரலே மாறிவிடுகிறது. வெள்ளைக்காரன் போய் இத்தனை காலமாகியும் அவன் பெயரிலேயே கோப்பை ஓடுகிறது. யாருக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. ஆட்டத்தை அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டுவிட்டார்கள்.

ரக்பிக்கு அப்படி நேரவில்லை. இந்தியாவில் அதுவும் பழைய ஆட்டம்தான். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஆடினார்கள். ஒரு கிளப்பும் அமைத்தார்கள். கிளப்பில் இலவச மது நின்றதும் உறுப்பினர்களும் கழன்றுகொண்டார்கள் என்று சொல்வார்கள். மிச்சமிருந்தவர்கள் வங்கியில் கிடந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் கல்கத்தா கோப்பை அதுதான். பணமும் போனது, ஆட்டமும் போனது என்று நண்பர் சிரித்தார். இலங்கை மலையகத்திலும் டிக்கோயா, திம்புலை, ஊவா என்று தோட்டத்துரைமார் அணிகள் ஆடின. இன்று இலங்கையில் பள்ளி ரக்பிக்குப் பெரும் மவுசு. 1945 முதல் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் ஆடும் பிராட்பி கேடயத்துக்கு ஊரே திரளும். அந்த மவுசெல்லாம் நகரத்துக் கல்லூரி வாசல்களில்.

மூணாறில் துரைமார் கட்டிய ஹை ரேஞ்ச் கிளப் இன்றும் இருக்கிறது. அதன் மது அறைச் சுவரில் முப்பதாண்டு தோட்டத்தில் கழித்த துரைமாரின் தொப்பிகள் மாட்டியிருக்கின்றன. வெளியே கோல்ஃப் புல்வெளி. நண்பர் அதை நின்று பார்த்தார். ரக்பி மைதானத்துக்கு நீளம் 100 மீட்டர், அகலம் 70 மீட்டர் வரை வேண்டும். மூணாறு மலையில் அத்தனை தட்டையான நிலம் யார் கையில் இருக்கிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. ஓடைக்கரையில் தட்டாக இடம் கிடைத்தாலும் மேலே நிற்கும் சரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஊர் இது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். கயத்தாறு பக்கத்து வேர் கொண்ட குடும்பங்கள், பிள்ளைகளோடு.

ஒரு எஸ்டேட் டிவிஷனில் லயத்துக்குக் கீழே சின்ன மைதானம். ஒரு பக்கம் சாய்வு; பந்து எப்போதும் ஓடையை நோக்கியே உருளும். பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை ஆடக் கூடாது என்று சொல்லவில்லை. ஆடுங்கள் என்றும் சொல்லவில்லை. நண்பர் முட்டைப் பந்துக்குக் காற்றடித்துப் படிக்கட்டுப் பக்கம் உருட்டிவிட்டார். அது குதித்த கோணலைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினாள். கால்பந்து நின்றது. இரண்டு பையன்கள் துரத்தினார்கள், பிடிக்க முடியவில்லை. அவள் அந்த மைதானத்தில் ஓடியதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த ஆட்டம் யாருடையது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாதே!

இதைத்தான் நான் வட வங்கத்தில் நடந்ததோடு சேர்த்துப் பார்க்கிறேன். சிலிகுரிக்குப் பக்கத்தில், பைகுந்தபூர்க் காட்டோரம் சரஸ்வதிபூர் என்ற தேயிலைத் தோட்டம். யானை நடமாடும் இடம். தொழிலாளிகளில் பலர் மத்திய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆதிவாசிக் குடும்பத்தார். 2013-இல் மேத்யூ ஜார்ஜ் என்ற பாதிரியாரின் அழைப்பில் கல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் ரக்பி அமைப்பு அங்கே போனது. பிரிட்டிஷ் தூதரகப் பணியில் கல்கத்தாவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட பால் வால்ஷ் தொடங்கிய அமைப்பு அது. சில ஆண்டுகளில் அந்தத் தோட்டத்துப் பெண்கள் மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடினார்கள். அவர்களில் சந்தியா ராயை 2020-இல் ஆசிய ரக்பி அமைப்பு கண்டத்தின் முன்னோடிப் பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. அங்கே அந்த ஆட்டத்தை அண்ணன்மார் முன்பே பிடித்து வைத்திருக்கவில்லை. எல்லாரும் ஒரே நாளில் தொடங்கியதால் பெண்கள் பின்தங்க நேரவில்லை. கால்பந்தில் அந்த இடத்தைப் பிடிக்க மூணாறுப் பெண்ணுக்கு இன்னும் எத்தனை காலமோ.

இன்னொரு வழி ஒடிசாவினுடையது. புவனேஸ்வரில் உள்ள கிஸ் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஆதிவாசிப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கிறது. அங்கிருந்து போன பையன்கள் 2007-இல் லண்டனில் 14 வயதுக்குட்பட்டோர் பள்ளிப் போட்டியில் கோப்பை வாங்கினார்கள். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்று பதினைந்து பேர் ஆட்டத்தில் முதல் வெற்றி கண்டபோது, கடைசி நேரப் பெனால்டியை உதைத்த சுமித்ரா நாயக்கும் கிஸ் மாணவிதான். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிள்ளை மலையை விட்டு இறங்க வேண்டும். தடகளத்தில் பாலக்காடும் இடுக்கியும் ஏற்கனவே செய்துகொண்டிருப்பது அதுதான். எனக்குச் சரஸ்வதிபூர் வழியே பிடித்திருக்கிறது: ஆட்டம் லயத்துக்கு வரட்டும், பிள்ளை அம்மாவோடு இருக்கட்டும்.

அம்மா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கொழுந்து எடுத்துவிட்டு ஏறி வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “விழுந்து கை ஒடிஞ்சா யாரு பாக்குறது? ஒரு நாள் சம்பளம் போயிரும்ல தம்பி.” 2015 செப்டம்பரில் போனஸுக்காகவும் கூலிக்காகவும் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டு மூணாறை நிறுத்திக் காட்டிய பெண்களின் ஊர் இது, கேள்வியில் பயம் இல்லை, கணக்குதான் இருந்தது. நண்பர் அவரிடம் நேராகப் பேசினார். சின்னப் பிள்ளைகள் யாரும் யாரையும் சாய்க்கப் போவதில்லை. இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துணிப்பட்டையைச் செருகிக்கொள்வார்கள். பந்தோடு ஓடுபவரின் பட்டையை உருவிவிட்டால் தடுத்ததாகக் கணக்கு. அந்தப் பட்டைகளுக்குத் தையற்காரரிடம் கிடைக்கும் வெட்டுத் துணி போதும். கட்டிப் பிடிக்கும் தடுப்பு பின்னால், முழங்காலில் நின்றபடி கற்றுக்கொண்டு, புல்தரையில் மட்டும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஜீப் பிடிக்க வேண்டிய இடத்தில் இந்த ஒரு விதிக்கு விலக்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார், நான் ஏதோ விலக்குக் கேட்டவன் மாதிரி.

பதினைந்து பேர் கொண்ட முழு ஆட்டம் இங்கே நடக்காது என்பது என் கணிப்பு. ஒரு டிவிஷனில் அத்தனை பிள்ளைகளே இப்போது இல்லை. எழுவர் ஆட்டம் நடக்கும்; பாதிக்கு ஏழு நிமிடம்தான். 2016 ரியோவில் ஒலிம்பிக்கில் அது நுழைந்தபோது ஆண்கள் தங்கத்தைத் தட்டிச் சென்றது ஃபிஜி என்ற குட்டித் தீவு நாடு. அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 2015-இல் கேரளம் நடத்திய தேசிய விளையாட்டிலும் எழுவர் ரக்பி இருந்தது. 2025 ஜூனில் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீகின் முதல் கோப்பையை வாங்கியது சென்னை புல்ஸ். பெயரில்தான் சென்னை, ஆடியதெல்லாம் மும்பையில்.

இடமலைக்குடிக்கு நாங்கள் போகவில்லை. 2010-இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. அங்கு வாழும் முதுவான்கள் பேசுவது தமிழின் ஒரு வடிவம். காட்டுக்குள் பந்தோடு போய் இறங்கி, படம் பிடித்துக்கொண்டு, மாலையில் திரும்பி வருவது எங்களுக்குச் சுகமாக இருக்கும். அங்குள்ள பிள்ளைகளுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒருநாள் முகாம்களைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். பனியன் கொடுப்பார்கள், பேனர் கட்டுவார்கள், பந்து ஒன்றைத் தலைமையாசிரியர் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார்கள். சரஸ்வதிபூரில் முகாமுக்குப் பிறகும் ஆட்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். அங்கிருந்த பிள்ளைகளே பயிற்சி தருகிறவர்களாக வளர்ந்தார்கள். ஆகவே மலையில் ரக்பி வளர சங்கமோ ஸ்டேடியமோ முதல் தேவையல்ல. வாரம் இரண்டு மாலை தவறாமல் வருகிற ஒரு ஆள், மழையிலும் வருகிற ஆள், அதுவும் அந்த ஊரிலேயே குடியிருக்கிற ஆள். நண்பர் சென்னையிலிருந்துகொண்டு அந்த ஆளாக முடியாது என்பதை மலையிறங்கும்போது அவரே ஒத்துக்கொண்டார்.

மூணாறு, வட்டவடை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர், எஸ்டேட் கிளார்க், கல்லூரி முடித்துத் திரும்பி வந்த லயத்துப் பிள்ளை, யாராவது இதைப் படித்தால் ஒரு பந்து வாங்குங்கள். வெட்டுத் துணியில் முப்பது பட்டை கிழித்துக்கொள்ளுங்கள். முதல் மாலை, பந்தைப் பையன்களிடம் கொடுப்பதற்கு முன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கொடுங்கள்.