அப்பா முகத்தில் ஒரு வெள்ளைக் கோடு

எங்க ஊர் பாறசாலை. 1956-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் சாமி ஊர்வலம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். சரஸ்வதி யானை மேல். வேளிமலை முருகனும் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். ராத்திரி நெய்யாற்றின்கரையில் தங்கல். 2003-ல் லீவில் போனபோது அங்கே எடுத்த வீடியோதான், அப்பா சிரித்துப் பேசும் ஒரே பதிவு.

போன மாதம் அந்த டிஜிட்டல் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். (சிட்னி குளிரில் வேறென்ன வேலை? :-)) அப்பா முகத்தின் மேல், திரையின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு வெள்ளைக் கோடு! கேசட் போச்சு என்று வயிற்றைக் கலக்கியது. வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். "அது தேவிக்க வெளிச்சம்லா மக்களே" என்றாள்.

பொட்டி தட்டுகிறவனுக்கு மனசு ஆறுமா? டேப் கெட்டிருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். லென்ஸில் கீறல் என்றால் ஒரே இடத்தில் நிற்கும். இதுவோ அப்பாவுக்குப் பின்னால் உயரத்தில் எரிந்த ஹாலஜன் விளக்கோடு கூடவே நகர்ந்தது. அதே கேமராவை இருட்டறையில் டார்ச்சுக்கு நேரே பிடித்தேன். டேப்பே இல்லாமல், திரையில் அதே கோடு!

விஷயம் சிசிடி சென்சாரில் இருக்கிறது. பாயலும் ஸ்மித்தும் 1969-ல் பெல் லேப்ஸில் கண்டுபிடித்தது; 2009-ல் நோபல் வாங்கிக்கொடுத்தது. வரிசையாக நின்று குடம் கைமாற்றுவது போல, அதில் ஒவ்வொரு புள்ளியின் மின்னூட்டமும் செங்குத்து வரிசையில் நகர்ந்து வெளியே போகும். நடுவில் ஒரு குழாய் திறந்திருந்தால் அதைக் கடக்கும் குடத்திலெல்லாம் தண்ணீர் விழுமே, அதுதான் இந்தக் கோடு. 'ஸ்மியர்' என்பார்கள். இப்போதைய போன்களில் சீமாஸ் சென்சார், அதனால் இது வராது.

ஆக, கேசட் பத்திரம். ஆனால் கோட்டை அழிக்க வழியில்லை. சோர்ந்துபோய் ஓடவிட்டேன். அப்பாவுக்குப் பின்னால் யானை வந்தது. விளக்கை மறைத்தது. கோடு போய்விட்டது. பதினோரு வினாடி, அப்பா முகம் பளிச்சென்று!

அம்மாவிடம் ஸ்மியர் எல்லாம் சொல்லவில்லை. "யானை மேல சரஸ்வதி வரும்போ கோடு போகுதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அதை ஒருக்கக்கூடப் போடு மக்களே."

பி.கு: உங்கள் அலமாரியிலும் இப்படிக் கேசட் இருந்தால் சீக்கிரம் மாற்றிவிடுங்கள். பழைய கேமராவைத் தூக்கிப் போடாதீர்கள்; ஓட்டிப் பார்க்க அது வேண்டும்.