நான் எழுதிய பொய் எண்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் விளையாடி வளர்ந்தவன் நான். அந்த மணலில் இல்மனைட் என்னும் தாது உண்டு என்று சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். அதன் அருமையை அறிந்தது திருவனந்தபுரம் வந்து இரசாயனம் கற்கத் தொடங்கிய பிறகுதான். இங்கே கற்ற ஒரு பாடத்தைச் சற்று வெட்கத்தோடு நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

அன்று ஆய்வுக்கூடத்தில் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கும் சோதனை. கந்தகம் பிரிந்து கரைசல் கலங்கும். குடுவையின் அடியில் காகிதத்தில் இட்ட பெருக்கல் குறி எத்தனை விநாடியில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கவேண்டும். காலையில் நல்ல மழை. முழுச் செறிவில் 24 விநாடி ஆயிற்று. பாதிச் செறிவில் 48. செறிவு குறைந்தால் வினை மெதுவாகும் என்ற பாடத்துக்குக் கணக்கு ஒத்துவந்தது.

உணவுக்குப் பின் கால் பங்குச் செறிவில் செய்தேன். 96 வரவேண்டும், 60-லேயே குறி மறைந்துவிட்டது! மறுபடி செய்ய நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. 96 என்றே எழுதிவிட்டேன்.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்த ஆசிரியர் நாஞ்சில் நாட்டுக்காரர். "மக்களே, மழை விட்டு வெயில் உன் மேசைமேல்தானே அடித்தது? வெப்பநிலையைக் காணோமே!" என்றார். நான் தலை குனிந்து உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, வெப்பமானியைக் கரைசலில் வைத்தார். காலையில் 24 டிகிரியாக இருந்தது இப்போது 31. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். சூடு ஏற ஏற, வினைக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்ற மூலக்கூறுகள் பெருகுகின்றன. 1889-இல் அரீனியஸ் தந்த விளக்கம் இது. ஆகவே 60 என்பதே மெய். வெயில் எனக்குக் கற்பிக்க வந்ததை நானே அழித்துவிட்டேன்.

"கொச்சுவேளியில் 1946-இல் நிறுவிய டைட்டானியம் ஆலை இருக்கிறதே, உங்கள் ஊர் மணலில் உள்ள இல்மனைட்டைத்தான் அங்கும் வெள்ளை நிறமியாக்குகிறார்கள். அமிலம் படும் பரப்பு பெருகத் தாதுவை மாவாக அரைப்பார்கள். அடர்ந்த கந்தகாமிலம் சேர்ப்பார்கள். நீராவி கொடுத்துத் தொடங்கிவைத்தால், வினையே தன் சூட்டில் கொதித்தெழும். அந்த அமிலத்தை ஆக்குவதற்கு வனேடியம் பென்டாக்சைடு ஊக்கி; அதற்கும் 450 டிகிரி அளவு சூடு வேண்டும். அங்கே ஒருவன் வெப்பமானியைப் பார்க்காமல் எண்ணை எழுதினால், பக்கத்தில் நிற்பவன் மேனி வெந்துபோகுமே!" என்றார் ஆசிரியர்.

96-ஐ அடித்து 60 என்று எழுதி, அருகில் 31 டிகிரி என்றும் குறித்தேன். மதிப்பெண் குறைந்தது உண்மைதான். ஆனால் அன்று முதல் என் குறிப்பேட்டில் முதல் வரி வெப்பநிலை. எதிர்பாராத எண் வந்தால் இப்போது அதை மறைப்பதில்லை, 'ஏன் வந்தாய்?' என்று கேட்கிறேன்.