மாசம் ஒரு பிரசவம்

புனேக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எங்க வீட்ல மாசத்துக்கு ஒரு பிரசவம். பயந்துடாதீங்க, கப்பி மீனுக்குத்தான் :-)

கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் முட்டை இடாதுங்க. நீந்துற குட்டியாவே போடும். கப்பிக்கு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, இருபது முப்பது குட்டி. வயித்துக்குப் பின்னாடி இருக்கிற கறுப்புப் பொட்டு பெரிசானா நாள் நெருங்கிடுச்சுன்னு அர்த்தம். கொடுமை என்னன்னா, பெத்தவளே பிள்ளையைத் தின்னுடுவா. அதனால ஜாவா பாசியை அடர்த்தியா போட்டு வெச்சிருக்கேன். குட்டிங்க அதுக்குள்ள ஒளிஞ்சு பிழைச்சுக்கும்.

சென்னையில கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வளர்க்கிறதே பெரிய தொழில். அங்கே குளிரைப் பத்தின கவலை இல்லை. இங்கே டிசம்பர் ராத்திரி 10 டிகிரிக்கு இறங்கிடும். ஹீட்டர் போட்டு 25 டிகிரியில வெச்சாத்தான் மீன் சுறுசுறுப்பா இருக்கும்.

ஆண் மீனையெல்லாம் வேற தொட்டிக்கு மாத்தி ரெண்டு மாசம் கழிச்சும் ஒரு பெண் மீன் குட்டி போட்டுச்சு. "அப்பாவே இல்லாம எப்படிப்பா?"ன்னு மகள் கேட்டா. ஒரு தடவை சேர்ந்தாப் போதும், ஆணோட விந்தணுவை உடம்புலயே சேர்த்து வெச்சு மாசக்கணக்கா குட்டி போடும்னு சொன்னேன்.

மீன் நூறைத் தாண்டினதும் கீழ் வீட்டு காகா, "பாஷான் ஏரியில விட்டுடுங்க, புண்ணியம். கொசுப் புழுவும் ஒழியும்" என்றார். போன மழைக்காலத்துல அவர் பேரனுக்கு டெங்கு வந்து வீடே கலங்கிப் போச்சு. அவர் சொன்னதைத் தட்டவும் முடியலை. ஆனா கப்பி தென் அமெரிக்க மீன். ஏரியில விட்டா அங்கேயே பிறந்த சின்ன மீன்களோட முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஒரே ஒரு சினை மீன் போதும், ஒரு வம்சமே கிளம்பிடும். கொசுவுக்காக 1928-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீன், இன்னிக்கு உலகத்தின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியல்ல இருக்கு.

காகா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் எங்க சொசைட்டியில ஓடாம நிக்கிற நீரூற்றுத் தொட்டியைக் காட்டினார். சாக்கடைக்கோ ஓடைக்கோ வழியில்லாத தொட்டி. அதுல ஆண் மீனை மட்டும் விட்டோம். புழுவைத் தின்னும், பெருகாது. மிச்சத்தை மீன் வளர்க்கிற பிள்ளைங்களுக்குக் கொடுத்தாச்சு.

இப்போ பேரனைக் கூட்டிட்டு வந்து புழு இருக்கான்னு தினமும் எட்டிப் பார்க்கிறது காகாதான். உங்க வீட்லயும் மீன் மிஞ்சினா யாருக்காவது கொடுத்துடுங்க. ஏரி வேண்டாம்.