இலட்சம் வோல்ற்று

வின்ரர் தொடங்கினால் எங்கள் வீட்டுக் கதவுப் பிடிகள் கடிக்கத் தொடங்கிவிடும். ஹீற்றர் காற்றில் வீடே காய்ந்துபோய், கார்பெற்றில் நாலடி நடந்து எதைத் தொட்டாலும் சுரீர் என்று ஒரு பொறி. மில்லிக்கனில் அக்கா வீட்டு பேஸ்மென்ற்றில்தான் நான் இருக்கிறேன். ஸ்டீல்ஸ் வீதிக்கு இந்தப் பக்கம் ரொறன்ரோ, அந்தப் பக்கம் மார்க்கம். றெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவிக் கொத்துரொட்டி போட்டு, வெள்ளிக்கிழமைகளில் இரவு பதினொன்றரைக்கு வந்து சேருவேன். அக்காவின் மகன் விழித்திருந்தால் ஓடிவந்து விரலை நீட்டுவான். என் விரலில் பட்டுப் பொறி பறந்ததும் "பிக்காச்சு!" என்று கத்துவான். அவனுக்குப் பத்து வயது.

பிக்காச்சு யார் என்று தெரியாத வீடு இன்றைக்குக் கனடாவில் இருக்காது. போக்கிமோன் என்ற விளையாட்டு 1996 பெப்ரவரி 27இல் ஜப்பானில் வந்தது. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சத்தோஷி தஜிரி என்பவருடைய யோசனை. காட்டிலும் புல்லிலும் திரியும் விநோத ஜந்துக்களைப் பிடித்துப் பழக்கி மற்றவனுடைய ஜந்துவோடு மோதவிடுவதுதான் விளையாட்டு. எங்களூரில் சேவல் கட்டுவதைப்போல. ஆனால் இதில் எதுவும் சாவதில்லை, மயங்கி விழும், அவ்வளவுதான்.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நான் கவனிக்காமல்தான் இருந்தேன். மருமகன் விடவில்லை. பசிபிக் மோலில் வாங்கிய போக்கிமோன் மட்டைகளைப் பரப்பிவைத்து எனக்குப் பாடம் எடுத்தான். மின்சார ஜந்துக்களின் பேர்போன அடி தண்டர்போல்ற். அதன் பலம் 90. 2013 வரை 95 ஆக இருந்ததாம். நூறு தரம் எறிந்தால் நூறும் படும். பத்தில் ஒரு தரம் எதிரியை முடக்கிப்போடும். அதற்கு ஒரு தமையன் உண்டு, தண்டர். பலம் 110, ஆனால் நூற்றில் எழுபதுதான் படும். மழை பெய்தால் மட்டும் அது தவறாது. இதை எழுதியவன் மாரிகால இடியைக் கண்டவனாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்டர்போல்ற்றின் ஜப்பானியப் பெயர் ஜூமன் போருட்டோ. மன் என்றால் பத்தாயிரம், ஜூ என்றால் பத்து. ஆக, இலட்சம் வோல்ற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் பௌதிகம் படித்தது இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. ஏன் நின்றது, எப்படி இங்கு வந்தேன் என்பது வேறு கதை. உங்களில் பலருக்கும் அந்தக் கதை இருக்கும். படித்த அந்த இரண்டு வருடத்தின் மிச்சத்தை வைத்து மருமகனுக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன்: "வோல்ற்று ஆளைக் கொல்லாது தம்பி, ஓடுற கரண்ட்தான் கொல்லும். கதவுப் பிடியில எங்களுக்குச் சுண்டுறதும் சில ஆயிரம் வோல்ற்றுத்தான்." அவன் மதிக்கவில்லை. தன் அட்டவணையைத்தான் நீட்டினான். மின்சார அடி தண்ணீர் ஜந்துக்கும் பறக்கும் ஜந்துக்கும் இரட்டிப்பாய் விழும். நிலத்து ஜந்துவை ஒன்றும் செய்யாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கப்பலில் வந்தவனுக்கும் பிளேனில் வந்தவனுக்கும் இரட்டை அடி. காலுக்குக் கீழே சொந்த நிலம் உள்ளவனுக்கு ஒன்றுமில்லை. அகதி வழக்கு நடத்தும் லோயருக்குக்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

முதல் விளையாட்டில் இந்த அடியை எங்களுக்குத் தருபவன் ஒரு பட்டாளத்துக்காரன், லெப்டினன்ற் சேர்ஜ். போரில் மின்சார ஜந்துக்கள்தான் எதிரிகளை முடக்கித் தன்னைக் காப்பாற்றின என்று சொல்லுவான். அவனைத் தோற்கடித்தால் தண்டர்போல்ற்றைப் பரிசாகத் தருவான். பிள்ளைகளின் விளையாட்டுக்குள்ளும் ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது. யாருக்கும் யாருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் பகிடியாகப் போய்க்கொண்டிருந்தது, மருமகன் போரிகனின் கதையைச் சொல்லும் வரைக்கும்.

போரிகன் கொம்பியூட்டருக்குள் வாழக்கூடிய ஒரு ஜந்து. மூலைமூலையாக வெட்டி ஒட்டிய கடதாசித் தாரா போல இருக்கும். 1997 டிசம்பர் 16ஆம் திகதி மாலை, போக்கிமோன் ரீவித் தொடரின் 38ஆவது பகுதி ஜப்பானில் ஒளிபரப்பானது. கதையில், பழுதான ஒரு கொம்பியூட்டர் வலையைச் சரிப்படுத்தப் பிள்ளைகளும் பிக்காச்சுவும் அதற்குள் போகிறார்கள். அவர்களைச் சுமந்துகொண்டு பறப்பது போரிகன். அவர்கள் உள்ளே இருப்பது தெரியாமல், வைரஸை அழிக்கும் ஏவுகணைகளை வெளியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அவை பிள்ளைகளைத் துரத்துகின்றன. பிக்காச்சு தண்டர்போல்ற்றை எறிகிறது. ஏவுகணைகள் வெடிக்கின்றன. வெடிப்பைக் காட்டுவதற்குத் திரை முழுவதும் சிவப்பும் நீலமுமாக, செக்கனுக்குப் பன்னிரண்டு தரம் அளவில், சில செக்கன்கள் மாறி மாறி மின்னியது.

அன்றிரவு 685 பிள்ளைகளை அம்புலன்சில் கொண்டுபோனார்கள். சிலருக்கு வலிப்பு, சிலருக்குத் தலைச்சுற்று, சத்தி. ஒருவரும் சாகவில்லை. பெரும்பாலானோர் கெதியில் தேறிவிட்டார்கள். தொடர் நாலு மாதம் நின்று, 1998 ஏப்ரல் 16இல் திரும்பத் தொடங்கியது. மின்னும் காட்சிகளுக்கு ஜப்பானிய ரீவிக்காரர் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியை அதன்பின் எங்கும் ஒளிபரப்பவில்லை.

இவ்வளவும் நியாயம். ஆனால் தொடர் திரும்பி வந்தபோது பிக்காச்சுவும் வந்தது. போரிகன் வரவில்லை. போரிகன் விளையாட்டில் இன்றும் உண்டு, ஆனால் ரீவித் தொடரில் அதற்கோ அதன் வழிவந்தவற்றுக்கோ பிறகு ஒரு பாத்திரம் கிடைக்கவேயில்லை.

"தண்டர்போல்ற் எறிஞ்சது ஆர் மாமா?" என்று மருமகன் கேட்டான்.

"பிக்காச்சு."

"அப்ப ஏன் போரிகனுக்குப் பனிஷ்மென்ற்?"

வேலைக் களைப்பு என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1998இல் எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு. நாங்கள் 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் ஊர் திரும்பியிருந்தோம். வீட்டில் கரண்ட் இல்லை. நான் பிறந்தபின் கரண்டைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் அதிகம். போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட பரம்பரை நாங்கள்.

அக்காவின் சாமத்தியவீட்டு இரவு, ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தோம். ஊரடங்கு என்பதால் வந்த சனம் விடியும்வரை வீட்டிலேயே தங்கிப் படம் பார்ப்பதாக ஏற்பாடு. ஜெனரேற்றர்காரரோடு கையாளாக வந்தவன் என் வகுப்புப் பெடியன். அவனுக்குத் தகப்பன் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் இந்த வேலைதான் செய்வான். மண்ணெண்ணெய் ஊற்றுவது, வயர் இழுப்பது, சத்தம் மாறினால் ஓடிப்போய்ப் பார்ப்பது. அவனுடைய பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

இரண்டாவது படம் ஓடும்போது பெரியாக்கள் பாதிப்பேர் நித்திரை. தம்பி ரீவிக்கு ஒரு முழத் தூரத்தில் குந்தியிருந்தான். படம் இடைக்கிடை மேலே உருண்டது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அவனை இன்னும் சிரிக்கவைக்க நான் ரீவிக்குப் பின்னால் கையை விட்டு அங்கிருந்த திருகியைத் திருகினேன். படம் கடகடவென்று உருண்டது, வெள்ளையும் கறுப்புமாகக் கிழிந்து மின்னியது. தம்பி இன்னும் கிட்டப் போனான். பிறகு சிரிப்பு நின்றது. கண் மேலே செருகி, கை கால் இழுத்து, வாயில் நுரை. "பிள்ளைக்குக் கரண்ட் அடிச்சிட்டுது!" என்று யாரோ குழறினார்கள். யாரோ திறப்புக்கோர்வையைக் கொண்டுவந்து அவன் கைக்குள் திணித்தார்கள்.

நான் திருகியை விட்டுவிட்டு அம்மாவின் பின்னால் நின்றேன்.

வயரைச் சரியாகச் சுற்றாமல் விட்டது யார் என்று கேள்வி வந்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஜெனரேற்றர்காரர் எங்கள் முற்றத்தில் வைத்தே அவனுக்கு அடித்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் அழவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அந்த வேலையும் அவனுக்குப் போனது. எங்கள் வீட்டுப் படலைக்குள் அவன் பிறகு வரவேயில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, தம்பியைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். பனைகள் நிரையாக நிற்கும் ஒழுங்கை. வெயில் பனைகளுக்கிடையால் விட்டுவிட்டு அடித்தது. நிழல், வெயில், நிழல், வெயில். தம்பிக்குத் திரும்ப இழுத்தது. அங்கே வயரும் இல்லை, கரண்டும் இல்லை. கரண்ட் அடிக்கவில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒரு டொக்ரர், சிலருக்கு மின்னும் வெளிச்சத்தில் வலிப்பு வரும், இருட்டறையில் ரீவிக்குக் கிட்ட இருந்தால் இன்னும் மோசம் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அப்படியானால் அந்தப் பெடியன் செய்த பிழை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் இரண்டொரு வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டான். பிறகு வன்னிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். 2009க்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் திருகிய திருகிதான் அவனை அங்கே அனுப்பியது என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது என்னைப் பெரிதாக்கிக்கொள்வது. அந்த வருடங்களில் போவதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்றையேனும் நான் குறைத்திருக்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் போன தம்பி, படத்தை மடியில் வைத்தபடி அவனுடைய தாயைக் கண்டதாக ரெலிபோனில் சொன்னான். "பாவம், நல்லா மெலிஞ்சு போனா" என்றான். "ம்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மருமகனின் கேள்விக்குப் பிறகு ஒரு கிழமை பொறுத்துத் தம்பிக்கு எடுத்தேன். எங்களுக்கு இரவு பதினொன்றரை, அவனுக்கு அடுத்தநாள் காலை பத்து மணி. முதல்தரமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இப்போது மருந்து எடுக்கிறான், வாகனம் ஓட்டுவதில்லை, ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான்.

"எனக்கு அந்த இரவு ஒண்டும் ஞாபகமில்லை அண்ணை" என்றான். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குச் சொல்லி என்ன? அந்த அம்மாவுக்கெல்லோ சொல்லவேணும்" என்றான். நம்பரும் அவனே தேடித் தந்தான்.

நாலு இரவு நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் இரவு எடுத்தேன். யார் என்று சொல்ல அவவுக்கு உடனே விளங்கியது. நான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததெல்லாம் குழம்பிப்போய், "அண்டைக்கு ரீவியைத் திருகினது நான்தான் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அது தெரியும் தம்பி" என்றா. "அவன் அண்டைக்கே வந்து சொன்னவன். நான்தான் வாயைத் திறக்காதை எண்டனான். அவை வீட்டுக்காரர், நாங்கள் சொன்னால் ஆர் நம்பப்போயினம் எண்டு."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அவன்ர கதையைக் கேட்டு வெளியில இருந்து இப்பதான் ஒராள் எடுத்திருக்கு" என்றா. பிறகு கேட்டா: "உன்ர தம்பிக்கு இப்ப எப்படி? வலிப்பு நிண்டுட்டுதோ?"

"ஓம் அம்மா, சுகம்" என்றேன்.

2020இல், போக்கிமோனின் அதிகாரபூர்வ ருவிற்றர் பக்கத்தில், போரிகன் ஒரு பிழையும் செய்யவில்லை என்று எழுதினார்களாம். கொஞ்ச நேரத்தில் அதையும் அழித்துவிட்டார்களாம். இதையும் மருமகன்தான் சொன்னான். இருபத்துமூன்று வருடம் கழித்துச் சொன்ன ஒற்றை வரியை ஏன் அழித்தார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

நான் எழுதியதை அழிக்கப்போவதில்லை. அதற்காகத்தான் இதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்தச் சாமத்தியவீட்டுக்கு வந்திருந்தவர்களில் பலர் இப்போது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிறீர்கள். அந்தப் பெடியனில் ஒரு பிழையும் இல்லை. அன்று அவனைப் பார்த்த கண்களால் இதையும் ஒருக்கால் வாசியுங்கள்.