கைப்பிடி எங்கே?

கப்பல் என்ஜின் அறையில் 30 வருஷம் தள்ளியவன் நான். ஓய்வுபெற்றதும் நண்பரோடு பங்கு போட்டு 26 அடிப் பாய்மரப் படகொன்று வாங்கினேன். அடித்தண்ணீரை இறைக்கும் கைப்பம்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பிஸ்டன் பம்ப் கூடாது, டயஃப்ரம் பம்ப்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். படகின் அடியில் தேங்கும் தண்ணீர் சுத்தமாகவா இருக்கும்? நூல், மரச்சீவல், தீக்குச்சி எல்லாம் மிதக்கும். பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், ரப்பர் சவ்வு பெரும்பாலானதை விழுங்கித் துப்பிவிடும். சுக்கான் பிடிப்பவனே, உள்ளறைக் கதவுகள் மூடியிருந்தாலும், அடிக்கும்படி அதைப் பொருத்தினேன். கதவுகள் மூடியிருந்தாலும் அடிக்க முடிய வேண்டும் என்று ஆழ்கடல் பந்தய விதிகளில் இருக்கிறது.

அந்த விதிகளிலேயே, பம்பின் கழற்றி மாட்டும் கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அது எனக்கு அற்ப விஷயமாகப் பட்டது. தொலையாமல் இருக்கட்டுமென்று துணியில் சுற்றி, முன்னறையில் பாய்மூட்டைகளுக்கு அடியில் பத்திரப்படுத்தினேன். வீட்டில் டார்ச் லைட்டை பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஆள் நான். கரண்ட் போனால் பீரோ சாவியைத் தேட இன்னொரு டார்ச் வேண்டும்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம். சென்னைத் துறைமுக வாயிலைத் தாண்டியிருந்தோம். கடல்நீர்க் குழாய் ஒன்று கழன்று, உள்ளே தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. நண்பரின் மகன், 17 வயசுப் பையன், "மாமா, கைப்பிடி எங்கே?" என்றான். வாயில் பதில் வரவில்லை. பாய்மூட்டைகளுக்குள் தலையை விட்டேன்.

நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் ஓட்டை விழுந்தால், நிமிஷத்துக்கு 200 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். என் பம்போ மூச்சுப்பிடித்து அடித்தாலும் 60 லிட்டரைத் தாண்டாது. இந்தக் கணக்கைப் பலருக்கும் சொல்லிக்கொடுத்தவன்தான், அன்றைக்கு ஓட்டையை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் தேடினேன்.

துணியைப் பிரித்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது, பையன் குழாயின் வால்வை மூடிவிட்டு, வாளியால் பாதித் தண்ணீரை இறைத்திருந்தான். என் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை, சிரித்திருந்தால் தேவலை.

இப்போது கைப்பிடி பம்புக்குப் பக்கத்திலேயே கிளிப்பில், கயிறு கட்டித் தொங்குகிறது. வாளிக்கும் கயிறு உண்டு. சும்மா கிடந்தால் ரப்பர் விறைத்துப்போகும் என்பதால், மாதம் ஒருமுறை ஒரு வாளி கடல்தண்ணீரை அடியில் ஊற்றி, பத்துத் தடவை அடித்துப் பார்க்கிறேன். பையன் படகேறினால் இன்னும் முதலில் அந்தக் கயிற்றைத்தான் இழுத்துப் பார்க்கிறான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.